தேவை கேட்டறிதல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., கணினி அறிவியல்)

நிரல் எழுதுமுன் அறிய வேண்டியது, அதைப் பயன்படுத்துவோரின் தேவையாகும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி உருவாக்கிய 'அஜைல்' கொள்கை அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளே மேல் என்றது. இம்முறையில் தேவைகளைச் சிறு அட்டைகளில் எழுதுவர்; யாருக்கு, என்ன, எதற்கு என்பவை அதில் இருக்கும். அட்டை, உரையாடல், உறுதிசெய்தல் என்னும் மூன்றும் வேண்டும் என்று அதே ஆண்டில் ரான் ஜெஃப்ரிஸ் எழுதினார்.

இதை நான் பட்டறிந்தேன். வீட்டுப் பால் கணக்கிற்கு நிரல் எழுதி, அச்சிட்ட சீட்டை அம்மாவிடம் பெருமையோடு நீட்டினேன்.

"எழுத்து தெரியாதவளுக்குச் சீட்டு எதுக்குடா?" என்றார்.

பிறகே அருகில் அமர்ந்து கேட்டேன். அட்டையில் இவ்வாறு எழுதினேன்: 'பால் ஊற்றும் நான், அன்றைய கணக்கைக் காதால் கேட்க வேண்டும், மாதக் கடைசியில் பிறரிடம் கேட்டு நிற்காதிருக்க.' அதை முதலில் வைத்தேன். நான் விரும்பிய வண்ணத் திரையும் வரைபடமும் அடியில் போயின.

ஒரு வாரத்தில் கைப்பேசி, "இன்று ஏழு லிட்டர்" என்றது. அம்மா விரல்விட்டு எண்ணினார்: காலை நாலு, மாலை மூன்று. "சரிதான்" என்றார். அதுவே உறுதிசெய்தல்!

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். சொல்லித் தருமுன் கேட்கப் பழகுவோமாக.