உண்டா, இல்லையா? உள்வினாவின் பயன்

ஒரு சுகாதார நிலையத்தில் இரண்டு அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் வட்டாரத்துக் குழந்தைகளின் எண்ணும் பெயரும் உள்ளன. தட்டம்மைத் தடுப்பூசி இடப்படுந்தோறும் குழந்தையின் எண்ணோடு ஒரு நிரை இரண்டாவதில் சேர்கிறது. ஊசி பெறாத குழந்தைகள் யாவர்? எந்த நாள், எத்தனை முறை என்பன இங்கு வேண்டுவதில்லை. நிரை உண்டா, இல்லையா என்பதொன்றே வேண்டுவது.

1974-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட மொழியிலிருந்து வளர்ந்த எஸ்.க்யூ.எல். மொழியில் இவ்வினாவைப் பின்வருமாறு எழுதலாம்:

செலக்ட் கு.பெயர் ஃப்ரம் குழந்தை கு
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் ஊசி ஊ வேர் ஊ.எண் = கு.எண்)

அடைப்புக்குள் இருப்பது உள்வினா. வெளிவினா எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் விடை தனித்தனியே கருதப்படும். அங்குள்ள 1 என்னும் எண்ணுக்குத் தனிப்பொருள் யாதுமில்லை. எதை எழுதினும் விடை மாறாது. பொருந்தும் நிரை ஒன்று அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிடலாம். நிரைகளையெல்லாம் எண்ணிப் பார்த்து, தொகை சுழியா என்று கேட்பது வீண் உழைப்பேயாகும்.

‘நாட் இன்’ என்னும் தொடராலும் இதனைக் கேட்கலாமே எனின், ஆங்கேதான் இடர் உள்ளது. ஊசி அட்டவணையில் ஒரு நிரையில் மட்டும் குழந்தையின் எண் எழுதப்படாமல் விடுபட்டதென்க. ‘நல்’ என்று குறிக்கப்பெறும் அவ்வெற்றிடத்தோடு எந்த எண்ணை ஒப்பிடினும், ‘மெய்’ என்றோ ‘பொய்’ என்றோ விடை வாராது. ‘அறியப்படாதது’ என்றே வரும். ‘நாட் இன்’ தொடரோ, பட்டியலிலுள்ள ஒவ்வொன்றினின்றும் வேறுபட்டதா என்று கேட்பது. ஆகவே, ஊசி பெறாத எக்குழந்தைக்கும் ‘மெய்’ என்னும் விடை கிட்டாது. மெய்யானவற்றை மட்டுமே ‘வேர்’ ஏற்குமாதலின், வெளிவருவது வெறும் பட்டியல்! பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டியலைக் காணும் செவிலியர், ஊசி பெறாதவர் எவருமிலர் என்றே கொள்வர்.

‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இவ்வாறு ஏமாற்றுவதில்லை. வெற்றிடமுள்ள நிரை எக்குழந்தையோடும் பொருந்தாமையால் உள்வினாவில் சேராது ஒழிகிறது. ஏனைய குழந்தைகளின் விடை கெடுவதில்லை. ஆயினும், அந்த நிரைக்குரிய குழந்தை ஊசி பெற்றிருந்தும் பெறாதவர் வரிசையில் இடம்பெறக்கூடும். அக்குழந்தை யார் என்பதைத் தாளில் எழுதிய பதிவேட்டைப் புரட்டியே காணவேண்டும்.