ஐப்பசி மழைக்கு முன் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யுங்கள்

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முந்தைய புரட்டாசி வெயிலே மரவேலைக்கு ஏற்றது. தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது தாத்தா காலத்துத் தேக்கு மேசை பழைய சாமான் கடைக்குப் போவதும் இப்போதுதான். கொடுத்துவிடாதீர்கள். வைரம் பாய்ந்த அந்த மரத்தை இன்று வாங்குவது எளிதல்ல.

முதலில் பூச்சி
சாமானின் அடியில் கறுப்புத் தாளை விரித்து 2 நாள் விடுங்கள். மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் மரத்துக்குள் பூச்சி உயிரோடு இருக்கிறது. மரத்துக்கான பூச்சிமருந்தை ஊசியால் துளைகளில் செலுத்துங்கள். உலர்ந்தபின் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடையுங்கள். உச்சி வெயிலில் போடவேண்டாம், மரம் வெடிக்கும். நிழலில் காற்றாட வையுங்கள்.

அடுத்து மூட்டு
ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள், கால் பிளந்துவிடும். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை தடவி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்கி 24 மணி நேரம் விடுங்கள்.

பிறகு மெருகு
மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்கு பாலிஷ். முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை; அழுக்கெடுத்து மேலேயே புதுப்பூச்சு கொடுக்கலாம். மற்றவற்றை 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். பாலிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததாகக் கொடுங்கள். மேசையின் அடிப்பக்கத்தையும் கால்களின் அடியையும் விடாதீர்கள். ஈரம் ஏறுவது அங்கேதான்.

எச்சரிக்கை
வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவேண்டாம். முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக்கூடாது. ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் நெருப்பே ஆகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவிடுங்கள்.

மறுபயன்
நவராத்திரி முடிந்ததும் மரக் கொலுப்படியைப் பரணில் ஏற்றாமல் புத்தக அடுக்காக்கலாம். உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை திண்ணை பெஞ்சுக்குச் சாய்மானமாகும்.

மழை தொடங்கிவிட்டால்
அரக்கு பாலிஷ் போடாதீர்கள். காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். இழுப்பறை இறுகினால் இழைக்காமல் மெழுகுவத்தியைத் தேயுங்கள். இப்போது இழைத்தால் கோடையில் மரம் சுருங்கி இடைவெளி விழும். சாமான்களைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

நேரம் குறைவென்றால் பூச்சியையும் மூட்டையும் மட்டும் இப்போது பாருங்கள். மெருகு தை பிறக்கும்வரை காத்திருக்கும், பூச்சி காத்திருக்காது.