எடைச்சீட்டும் நான்கு மாணவரும்

ஜூன், ஜூலை மாதங்களில் பங்காருபாளையம் சந்தைக்குத் தோத்தாபுரி மாங்காய் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. எடை போடுவது முதல் விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் சேர்ப்பது வரை அனைத்தையும் ஒரே மென்பொருளாக அமைக்க, இறுதியாண்டுப் பொறியியல் மாணவர் நால்வர் முனைவதாக வைத்துக்கொள்வோம்.

ஒருவர் எடைப் பதிவையும், ஒருவர் விலைக் கணக்கையும், ஏனைய இருவர் பணப் பட்டுவாடாவையும் திரையையும் எழுதுகின்றனர். தனித்தனியே நான்கும் பிழையின்றி ஓடுகின்றன. இணைத்த அன்று, 1,850 கிலோ கொண்டுவந்த விவசாயிக்கு டன்னுக்கு 8,000 ரூபாய் வீதம் 14,800 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 1 கோடியே 48 லட்சம் என்று திரை காட்டுகிறது. எடையை எழுதியவர் கிலோவில் வைத்தார்; விலையை எழுதியவர் அதனை டன் என்று கொண்டார். இருவரும் தத்தம் பகுதியைச் சரியாகவே எழுதியுள்ளனர். தம்முள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

மாணவர்தாம் இவ்வாறு இடறுவர் என்று எண்ண வேண்டா. 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த வேளையில் நாசா தன் விண்கலம் ஒன்றை இழந்தது. ஒரு குழுவின் மென்பொருள் விசையைப் பவுண்டு அளவில் தர, மற்றொரு குழு அதனை நியூட்டன் என்று கொண்டதே காரணம்.

கூடிச் செய்து வென்றதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2010 ஜூலை 12 அன்று, இன்றைய திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-15 ஏவுகலம் சுமந்து சென்ற ஸ்டட்சாட், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள செயற்கைக்கோள். பெங்களூரு, ஐதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அதனை உருவாக்கினர். மேலே சென்றபின் கைவைத்துத் திருத்த வழியில்லாத பொருள் அது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதைத் தரையிலேயே உறுதிசெய்தாக வேண்டும்.

ஆகவே நிரல் எழுதுமுன் ஓர் ஒப்பந்தத் தாள் எழுதப்பட வேண்டும்: எந்த அளவில் எடை, எத்தனை தசம இடம், எடை பதியாவிடில் என்ன செய்வது. இணைப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாது முதல் வாரத்திலேயே தொடங்குதல் நலம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்க்க வேண்டும். இது சற்றுக் கூச்சம் தரும், ஆயினும் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படுகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, எந்த வரியை யார், என்று மாற்றினார் என்பதை நம் பாஸ்புக்கைப் போலப் பதிந்து வைக்கிறது.

நம் வாடிக்கையாளருள் பலர் பிள்ளைகளுக்காகக் கல்விக் கடன் பெற்றவர்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதற்குள் வேலை கிடைக்க வேண்டுமே! நேர்முகத் தேர்வில், "இத்திட்டத்தில் நீங்கள் எழுதியது எது?" என்றே முதலில் கேட்கின்றனர். ஆயத்தத் திட்டத்தை விலைக்கு வாங்கியவரும், மூவர் உழைப்பில் பெயர் சேர்த்துக்கொண்டவரும் அங்கே திகைக்கின்றனர். இவ்விடுமுறையில் பிள்ளை வீடு வரும்போது, அந்தக் கிட் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிரல் புரியாவிட்டாலும், அதில் அவர் பெயர் எத்தனை இடத்தில் உள்ளது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.