ஆரத்தி நீரில் ஒரு பாடம்

மும்பை காட்கோபரில் அசல்பா குன்று இருக்கிறது. அதன் சரிவில் வீடுகள் நெருக்கமாக உள்ளன. ஒரு வீட்டுக்கு மகள் பச்சைக் குழந்தையுடன் வந்தாள். பாட்டி மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தார். நீர் சிவந்தது. ஆரத்தி எடுத்தார்.

மீதியைப் பேத்தி எடுத்து வைத்தாள். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தெளிந்த நீரை மட்டும் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள்.

“நிறம் மாறலையே! சாறெல்லாம் எங்கே போச்சு?” என்றார் பாட்டி.

“பொறுங்க பாட்டி.” இன்னும் ஒரு சொட்டு விட்டாள். சிவப்பு மறைந்தது. மஞ்சள் வந்தது!

இது எப்படி?

சுண்ணாம்பு ஒரு காரம். நீரில் கரைந்தால் ஹைட்ராக்சைடு அயனிகளைத் தரும். எலுமிச்சைச் சாறு அமிலம். அது ஹைட்ரஜன் அயனிகளைத் தரும். அயனி என்பது மின்சாரம் ஏறிய மிகச் சிறிய துகள். இந்த இரண்டு அயனிகளும் சேர்ந்தால் தண்ணீர் ஆகிவிடும். சாறு அப்படித்தான் “போனது”.

அமிலம், காரம் இவற்றின் அளவைச் சொல்லும் எண் பி.எச். டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் 1909-இல் இதைக் கொடுத்தார். தூய நீருக்கு 7. தெளிந்த சுண்ணாம்பு நீருக்கு சுமார் 12. ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். ஹைட்ராக்சைடு பத்தில் ஒரு பங்காகும்.

பத்தில் ஒன்பது பங்கு காரம் தீர்ந்தாலும் எண் ஒன்றுதான் குறையும். அதனால் நிறம் மாறாது. கடைசியில் மிச்சம் மிகக் கொஞ்சம். அப்போது சில சொட்டுகளிலேயே எண் மளமளவென்று இறங்கும். 8-ஐ ஒட்டி மஞ்சள் நிறம் மாறும். பள்ளிக்கூடத்தில் இதைத் ‘தரம் பார்த்தல்’ என்பார்கள்.

பாட்டி வீட்டு வேலைக்குப் போகிறவர். “அப்போ கையிலே ஆசிட் பட்டா சுண்ணாம்பு தடவலாமா?” என்று கேட்டார்.

“கூடவே கூடாது பாட்டி! போதும் என்று சொல்ல அங்கே நிறம் இல்லை. சுண்ணாம்பு மிஞ்சினால் அதுவும் தோலை அரிக்கும். இரண்டும் சேரும்போது சூடும் உண்டாகும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கழுவணும். கண்ணில் பட்டால் உடனே கழுவணும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

நினைவில் வையுங்கள்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

பதில் சொல்லுங்கள்:
1. முதல் சொட்டுகளில் நிறம் ஏன் மாறவில்லை?
2. கையில் ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும்?