128 இடமும் நிரம்ப வேண்டியதில்லை

பாஃபெங் யுவி-5ஆர் வாக்கி டாக்கியில் 128 சேனல்களைப் பதியலாம். ஹாம் உரிமம் கிடைத்த கையோடு இந்த செட்டை வாங்குகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "இன்னும் நிறைய சேனல் ஏத்தித் தர முடியுமா சார்?" என்றுதான். ஏற்றுவது பெரிய வேலை இல்லை. எதை ஏற்றுவது, எதில் பேசவே முடியாதபடி அடைத்து வைப்பது என்று முடிவு செய்யத்தான் நேரம் பிடிக்கும். எனக்குப் பழகிப்போன முறையைச் சொல்கிறேன்.

முதலில் தாள், பிறகு கணினி

சேனல் என்பது வெறும் எண் இல்லை. கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, டோன், அகலம், திறன், பெயர் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு சேனல். நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ஒரு ரிப்பீட்டர் 145.350 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆஃப்செட் 600 கிலோஹெர்ட்ஸ். அதனால் நம் செட் 144.750-இல் பேச வேண்டும். ரிப்பீட்டர் 88.5 ஹெர்ட்ஸ் டோன் கேட்கிறது என்றால் அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் அது திறக்காது.

டோனைப் பேசும் பக்கம் மட்டும் வையுங்கள். கேட்கும் பக்கமும் வைத்து, ரிப்பீட்டர் அந்த டோனைத் திருப்பி அனுப்பாத வகையாக இருந்துவிட்டால், ஊரே பேசினாலும் உங்கள் செட் வாய் திறக்காது. "ரிப்பீட்டர் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அகலத்தை 'நேரோ'வில் விட்டால் மறுமுனையில் குரல் சன்னமாகப் போய்ச் சேரும். இத்தனையையும் தாளில் கட்டம் போட்டு எழுதிய பிறகுதான் செட்டைக் கணினியோடு இணைக்கும் கேபிளை எடுப்பேன்.

கேபிளில்தான் பாதித் தொல்லை

இரண்டு பின் உள்ள அந்த கேபிளை முழுக்க அழுத்திச் செருக வேண்டும். செட்டுக்கு உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். உறை தடுப்பதால் பின் முழுதாக உள்ளே இறங்காமல் போவது உண்டு. செட்டை அணைத்து, கேபிளைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். மலிவான கேபிள்களில் ப்ரொலிஃபிக் சிப்பின் போலி இருக்கும். விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது. பழைய டிரைவரைப் போட்டால் வேலை செய்யும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் வாங்கினால் இந்த வம்பே இல்லை.

மென்பொருளுக்கு 'சர்ப்' போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எழுதுவதற்கு முன் கட்டாயம் படிக்க வேண்டும்: செட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு இறக்கி, தொடாமல் ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். பின்னால் என்ன குழப்பம் வந்தாலும் திரும்பிப் போக அதுதான் வழி. நண்பரின் செட்டிலிருந்து எடுத்த முழு ஃபைலை உங்கள் செட்டில் ஏற்றாதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் செட்களுக்குள் ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம். சேனல் வரிசைகளை மட்டும் காப்பி செய்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

புது செட்டில் தொழிற்சாலையிலேயே சில சேனல்கள் பதிந்திருக்கும். அவை நமக்கு உரியவை அல்ல. முதல் வேலையாக அழித்துவிடுங்கள். அடுத்து, எண்களை இடைவெளி விட்டுப் பிரியுங்கள். 1 முதல் 20 வரை ரிப்பீட்டர்கள், 21 முதல் 30 வரை நேரடிப் பேச்சு, 31-இலிருந்து விண்வெளி என்பது என் கணக்கு. பெயருக்கு 7 எழுத்துதான் இடம் என்பதால் ஊரின் சுருக்கம் போதும்.

ஒரு நிலையத்துக்கு ஐந்து சேனல்

கூடுதல் சேனல் உண்மையிலேயே கைகொடுப்பது சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஹாம் ரிப்பீட்டருக்கு. அது 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு கேட்கும், 437.800-இல் பதில் ஒலிக்கும். நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், டாப்ளர் விளைவால் அந்த 437.800 நம் காதுக்கு வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகரும். ஆகவே 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனல்கள். பேசும் அலைவரிசையும் டோனும் ஐந்திலும் ஒன்றே. சர்ப்பில் 'ஸ்ப்ளிட்' என்று தேர்ந்தெடுத்து, ஆஃப்செட் கட்டத்தில் 145.990 என்று எழுத வேண்டும்.

நிலையம் தொடுவானத்தில் எழும்போது முதல் சேனலில் தொடங்கி, இரைச்சல் கூடக் கூட ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவேன். ஒரு கடப்பு சுமார் 10 நிமிடம்தான்; எண்களைத் தட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. செட்டோடு வரும் குட்டை ஆன்டெனாவுக்குப் பதில் கையில் பிடிக்கும் யாகி இருந்தால் நல்லது.

பேசக் கூடாததை அடையுங்கள்

இந்த செட் 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இந்திய ஹாம்களுக்கு அதற்குள் அனுமதி 144–146, 434–438 மட்டுமே. விண்வெளி நிலையம் படங்கள் அனுப்பும் 145.800 போல, கேட்க மட்டுமே வேண்டிய சேனலில் 'டூப்ளெக்ஸ்' கட்டத்தில் 'ஆஃப்' போடுங்கள். பி.டி.டி. பொத்தானில் விரல் பட்டாலும் அலை வெளியே போகாது. 446 மெகாஹெர்ட்ஸில் உரிமம் வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு குறைந்த திறனுள்ள, அதற்கென்றே செய்த கருவிகளுக்கு. 4, 5 வாட் செட்டில் அந்த எண்ணை ஏற்றுவதால் அது சட்டப்படியானதாகிவிடாது.

விரலும் பழகட்டும்

புயலோ வெள்ளமோ வந்து மின்சாரம் போன இடத்தில் கணினியும் கேபிளும் இருக்காது. ஆகவே பொத்தான் வழியாகப் பதிவதையும் பழகுங்கள். மேல் வரிசையில், வி.எஃப்.ஓ. நிலையில் அலைவரிசையைத் தட்டுங்கள். 13-ஆம் மெனுவில் டோன். 27-ஆம் மெனுவில் சேனல் எண். ரிப்பீட்டர் என்றால் வெளியே வந்து பேசும் அலைவரிசையைத் தட்டி, 27-இல் அதே எண்ணில் மறுபடி சேமிக்க வேண்டும். முதல் முறை கேட்பதற்கு, இரண்டாம் முறை பேசுவதற்கு. ஏற்கெனவே நிரம்பிய எண்ணுக்கு முன்னால் 'சிஎச்' என்று காட்டும். அதை 28-ஆம் மெனுவில் அழித்தால்தான் புதியது பதியும். இப்படிப் பதிந்ததற்குப் பெயர் வைக்க முடியாது. அதனால் சேனல் பட்டியலைச் சிறு அட்டையில் எழுதி செட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையில் அடங்காத அளவுக்குச் சேனல்கள் சேர்ந்துவிட்டால், நீங்கள் பயன்படுத்தாதவை அதில் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.