கணினி ஏன் திடீரென அணைகிறது?

ஒரு மேசைக் கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டால், எங்கள் ஊரில் இரண்டு தீர்ப்புகள்தான் கேட்கும். ஒன்று, "மதர்போட் போய்விட்டது." மற்றது, "இனிப் புதிதுதான் வாங்க வேண்டும்." இரண்டுமே பெரும்பாலும் கணினியைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுபவை. தம்பலகாமம் போன்ற வயற்புறத்து ஊரில் ஒரு குடும்பம் கணினி வாங்குவது ஒரு போகத்து வருமானத்தை எண்ணித்தான். தவறான தீர்ப்புக்காக அந்தக் கணினி மூலையில் கிடந்தால், முதலில் நின்றுபோவது வீட்டிலுள்ள மாணவியின் படிப்பே. ஆகவே பணப்பையைத் திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை உயர்தரப் பௌதிகவியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடங்களின் துணையோடு இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

இந்தக் கட்டுரையின் சாரம் ஒன்றே: கணினி எப்போது, எப்படி அணைந்தது என்பதே அதன் நோய்க்கு முதற் சாட்சி.

மின்சாரம் வரும் பாதை

சுவரிலுள்ள பிளக்கில் 230 வோல்ற்று, 50 ஹேட்சு ஆடலோட்டம் வருகிறது. கணினியின் உறுப்புகளுக்கு அது நேரடியாக உதவாது. பெட்டியின் பின்புறத்திலுள்ள மின்வலு வழங்கி (கடைக்காரர்கள் 'பவர் சப்ளை' என்பது இதைத்தான்) அதை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தாய்ப்பலகைக்கும் வன்றட்டுக்கும் கொடுக்கிறது. ஆக, பாதையில் ஐந்து நிலையங்கள் உள்ளன: வீட்டு மின்சாரம், பிளக்கும் வயரும், மின்வலு வழங்கி, தாய்ப்பலகையும் ஆளியும், செயலியும் அதன் விசிறியும். சோதனையும் இந்த வரிசையில், சுவரிலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும். செலவில்லாத சோதனைகள் முதலிலும் செலவுள்ளவை கடைசியிலும் வருவது இந்த வரிசையின் நன்மை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதலாவது: வீட்டில் மற்றவை எரிகின்றனவா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்துண்டிப்பு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். இத்தகைய வேளைகளில் கணினியில் குற்றமில்லை. ஆனால் கணினியைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் அது வேறு கதை. எங்கோ மின் கசிகிறது. மீண்டும் மீண்டும் சுவிட்சைத் தூக்கிப் பார்க்காமல் மின்வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

இரண்டாவது: பிளக் இறுக்கமாக உள்ளதா? உருளை முள் பிளக்கும் சதுர முள் பிளக்கும் கலந்து புழங்கும் வீடுகளில், இடையில் ஓர் அடப்டரும் அதற்குமேல் ஒரு மல்டி பிளக்கும் இருக்கும். ஒவ்வோர் இணைப்பும் தளரக்கூடிய இடம். மேசையில் கை பட்டதும் கணினி அணைந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது இதையே. கணினியை நேரே சுவர்ப் பிளக்கில் இணைத்துப் பார்க்கலாம். பெட்டியின் பின்னால் செருகும் வயரை வேறொன்றால் மாற்றியும் பார்க்கலாம். பிளக் சூடாக இருந்தாலோ கருகிய மணம் வந்தாலோ அதை மீண்டும் பாவிக்கக் கூடாது.

மூன்றாவது: போட்டு எத்தனை நேரத்தில் அணைகிறது? போட்டு நான்கைந்து செக்கனில் அணைந்தால் முன்பக்க ஆளியைக் கவனியுங்கள். அந்த ஆளியை நான்கு செக்கன் அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணைய வேண்டும் என்பது அதன் அமைப்பு. ஆளி உள்ளே சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அழுத்துவதாகவே கணினி நினைக்கும்.

நான்காவது: பாரமான வேலையின்போது மட்டும் அணைகிறதா? இருபது நிமிடம் காணொளி பார்த்தபின் அணைந்து, ஆறவிட்டதும் மீண்டும் வேலை செய்தால் வெப்பமே காரணமாக இருக்கலாம். செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து பறந்து வரும் பதர்த் தூசு எங்கள் வீடுகளில் எங்கும் படியும். கணினி விசிறி அதை உள்ளே இழுத்துச் சேர்க்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் விசிறியையும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளையும் துப்புரவு செய்தாலே பல கணினிகள் பிழைத்துவிடும்.

ஐந்தாவது: நாளின் எந்த நேரத்தில் அணைகிறது? பலரும் கேட்காத கேள்வி இது. எங்கள் வீட்டுக் கணினியின் விடை இதில்தான் கிடைத்தது.

ஒரு கொப்பி சொன்ன விடை

பாவித்த கணினியாக வாங்கிய எங்கள் கணினி அடிக்கடி அணையத் தொடங்கியபோது, ஒரு திருத்துநிலையத்தில் தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை கையில் இல்லாததால் வாப்பா கணினியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் ஒரு கொப்பியை அருகில் வைத்து, அணையும் நேரத்தையும் அப்போது வீட்டில் நடந்ததையும் எழுதி வந்தேன். ஒன்பது நாளில் பதினொரு தடவை அணைந்தது. அவற்றில் ஒன்பது, மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். அவற்றிலும் பல, குளிர்சாதனப்பெட்டி "டக்" என்று தொடங்கிய அதே கணத்தில். பகலில் ஏறக்குறையத் தொல்லையே இல்லை. தாய்ப்பலகை பழுதென்றால் அதற்குப் பகலும் இரவும் ஒன்றல்லவா?

வயரிங் வேலை செய்யும் சாச்சா ஒரு மாலை மீற்றரை வைத்துப் பார்த்தார். 190 வோல்ற்று காட்டியது. எல்லா வீடுகளிலும் விளக்கும் விசிறியும் ஓடும் நேரத்தில் கம்பித் தொடரின் கடைசி வீடுகளில் வோல்ற்றளவு இறங்குவது இயல்பு. ஆனால் அதே 190 வோல்ற்றில் பக்கத்து வீட்டுக் கணினி அணையவில்லையே! எனவே வோல்ற்றளவு மட்டும் காரணமாக முடியாது. எங்கள் கணினிக்குள்ளும் ஒரு பலவீனம் இருக்க வேண்டும்.

கொள்ளளவியின் கணக்கு

மின்வலு வழங்கிக்குள் ஒரு பெரிய கொள்ளளவி உண்டு. 50 ஹேட்சு ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு தடவை உச்சத்தைத் தொடும். அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கொள்ளளவி நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் தான் சேமித்த சக்தியைக் கொடுத்து அது கணினியைத் தாங்குகிறது. நாங்கள் படித்த சமன்பாடுதான்: சேமித்த சக்தி, கொள்ளளவத்தையும் வோல்ற்றளவின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி.

பழைய வகை வழங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவம் 330 மைக்குரோபரட்டு, கணினி எடுக்கும் வலு 200 வாற்று, கொள்ளளவியின் வோல்ற்றளவு 200க்குக் கீழ் இறங்கினால் வழங்கி நின்றுவிடும் என்று வைப்போம். 230 வோல்ற்றின் உச்சம் ஏறத்தாழ 325. அதிலிருந்து 200 வரை இறங்கும்போது கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 10.9 யூல். அதை 200ஆல் வகுத்தால் 54 மில்லிசெக்கன் தாங்கும்.

வழங்கல் 190 வோல்ற்றாகக் குறைந்தால் உச்சம் 269. தாங்கும் நேரம் 27 மில்லிசெக்கன்.

வழங்கல் 230ஆகவே இருந்து, கொள்ளளவி முதுமையால் மூன்றிலொரு பங்காகிவிட்டால் 18 மில்லிசெக்கன்.

இரண்டு குறைகளும் சேர்ந்தால் வெறும் 9 மில்லிசெக்கன்.

முதல் மூன்று நிலைகளிலும் 10 மில்லிசெக்கனுக்கு மேல் தாங்குவதால் கணினி ஓடும். நான்காவது நிலையில் அது விளிம்பில் நிற்கிறது. குளிர்சாதனப்பெட்டியின் மோட்டர் தொடங்கும்போது ஒரு கணம் அதிக மின்னோட்டத்தை இழுக்க, வோல்ற்றளவு இன்னும் சற்று இறங்கும். விளிம்பில் நிற்பதைத் தள்ளிவிட அதுவே போதும்.

கணக்கு சொன்னதை நாங்கள் சோதித்தோம். ஒரு மாலை குளிர்சாதனப்பெட்டியை நிறுத்தி வைத்தோம், கணினி அணையவில்லை. மறுநாள் போட்டோம், அணைந்தது. பிறகு மச்சியின் வீட்டிலிருந்து ஒரு மின்வலு வழங்கியை இரவல் வாங்கி, வேறெதையும் மாற்றாமல் அதை மட்டும் பொருத்தினோம். குளிர்சாதனப்பெட்டி ஓட ஓட, கணினியும் ஓடியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற ஆய்வுகூட விதி வீட்டுக்கும் பொருந்துகிறது. இரண்டை மாற்றியிருந்தால் எது குணப்படுத்தியது என்று தெரிந்திருக்காது. பழைய வழங்கியின் காற்றுத் துவாரத்தினூடே டோர்ச் அடித்துப் பார்த்தபோது கொள்ளளவியின் மேற்பகுதி உப்பியிருந்தது. புதிய வழங்கிக்கு ஆன செலவு, தாய்ப்பலகைக்குச் சொன்ன தொகையில் நாலிலொரு பங்கு.

கொள்ளளவி உப்புவது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நோயல்ல. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், குறைபாடான மின்பகுபொருள் நிரப்பப்பட்ட கொள்ளளவிகள் உலகெங்கும் கணினிகளில் உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் 2005இல் இதற்காகச் சுமார் 30 கோடி டொலர் செலவை ஏற்க நேர்ந்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பாவித்த கணினி வாங்கும் நாம் அந்தச் சிறு உருளையைக் கவனிப்பது தகும்.

யூ.பி.எஸ். வாங்கினால் தீருமா? மின்சாரம் நின்றால் எழுதியதைச் சேமிக்க அது நல்ல துணை. ஆனால் சாதாரண யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறவே சில மில்லிசெக்கன் எடுக்கும். அவ்வளவு நேரமும் தாங்க முடியாத வழங்கியாக இருந்தால் யூ.பி.எஸ். இருந்தும் கணினி அணையும்.

செய்யக் கூடாதவை

மின்வலு வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதை முழுதாக மாற்றுவதே முறை. ஈரக்கையோடு பின்புறத்தைத் தொட வேண்டாம். புவித்தொடுப்பு முள்ளை உடைத்தோ விலக்கியோ பிளக் செருக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமழையில் ஆளியை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிட வேண்டும்.

வின்டோஸ் கணினியில் நிகழ்வுப் பதிவு என்றொரு பகுதி உண்டு. முறையாக மூடப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியிருந்தால் அங்கே 41 என்ற இலக்கத்துடன் ஒரு குறிப்பு விழும். எப்போது நடந்தது என்பதை அது சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. குளிர்சாதனப்பெட்டி தொடங்கியதை எந்தக் கணினியும் பதிவு செய்யாது. அதற்கு நமது கண்ணும் காதும் ஒரு கொப்பியும் வேண்டும்.

சகோதரிகளே, கணினி பழுதானால் அதைப் பார்க்க ஓர் ஆண்பிள்ளை வர வேண்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. ஆனால் பிளக்கை மாற்றிப் பார்ப்பதற்கும் நேரத்தைக் குறிப்பதற்கும் ஒரு சமன்பாட்டைப் போட்டுப் பார்ப்பதற்கும் நாம் கற்ற பாடமே போதும். திருத்துநிலையத்துக்குப் போக வேண்டி வந்தாலும் "கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லி நிற்காமல், "மாலையில் மட்டும், மோட்டர் தொடங்கும்போது அணைகிறது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடம் தேவையற்ற பாகத்தை விற்பது கடினம். நல்ல பொருளைப் பழுதென்று எறிவது வீண்விரயம். அந்த வீண்விரயத்தைத் தடுக்கும் பாடத்தை நாம் ஏற்கெனவே வகுப்பில் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.