சந்திரகிரியில் வீடு, திருப்பதியில் டூட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் நர்சிங் முடித்த பெண்கள், இப்போதெல்லாம் பையன்களும், அம்மா அப்பாவோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "திருப்பதியில் வேலைக்கு வரலாமா? வீடு எங்கே பார்ப்பது?" நானும் 1989ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் பாசஞ்சர் ஏறி வந்தவள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

1. வாடகையைக் கேட்பதற்கு முன் ஆஸ்பத்திரிகளை எண்ணு.

எல்லாரும் சம்பளத்தையும் வாடகையையும் கழித்துப் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்கிறார்கள். முதல் வேலை நிலைக்காது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் வேலையிலேயே இரண்டு வருஷம் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வேலை போனால், இருக்கிற வீட்டிலிருந்தே இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியுமா? ஊரைத் தேர்வு செய்ய எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

திருப்பதியை நான் சொல்வது இதனால்தான். அரசு ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. 1960ல் வந்த எஸ்.வி. மருத்துவக் கல்லூரி அதோடு சேர்ந்தது. அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி தனி. தேவஸ்தானம் தொடங்கிய பர்டு எலும்புக்கும் மூட்டுக்கும், 1993ல் திறந்த ஸ்விம்ஸ் பெரிய நோய்களுக்கெல்லாம். 2021ல் குழந்தைகளின் இதயத்துக்கென்றே பத்மாவதி ஹ்ருதயாலயம் வந்தது. அலிபிரிப் பக்கம் டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் ஆஸ்பத்திரி, கண்ணுக்கு அரவிந்த். இது போகத் தெருவுக்கு ஒரு நர்சிங் ஹோம். எல்லாம் ஒரே டவுன் பஸ் தூரம். ஐ.சி.யூ. பிடிக்கவில்லை, டயாலிசிஸ் போகிறேன் என்றால் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

சித்தூர் இன்னும் மலிவு, சத்தமும் குறைவு. அங்கே அரசு மாவட்ட ஆஸ்பத்திரியோடு இணைந்து அப்போலோ மருத்துவக் கல்லூரி நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் குடிபாலா பக்கம் இருக்கிறது, காட்பாடிக்காரர்கள் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் இந்த இரண்டை விட்டால் மூன்றாவதாக ஒன்றைத் தேடத்தான் வேண்டும். குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி நல்ல இடம்தான். அங்கே வேலை போனால் ஊரும் போயிற்று. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் இதற்குப் பழைய உதாரணம். 1910களில் காசநோய்க்கென்று மலைக்காற்று பார்த்துக் கட்டிய இடம். ஆஸ்பத்திரிதான் ஊர், ஊர்தான் ஆஸ்பத்திரி. அங்கே வேலை செய்த மூத்த சிஸ்டர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். எங்கள் காலத்தோடு அதெல்லாம் சரி.

2. ஊரைக் காலை எட்டு மணிக்குப் பார்.

டூட்டி திருப்பதியில் என்றால் வீட்டை வாடகை குறைந்த சந்திரகிரியில், நான் இருக்கும் ஊரில், பார்க்கலாம். இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். காற்றாடுகிறது, கோட்டை தெரிகிறது, பிடித்துப்போகிறது. நீ வாழப்போவது அந்த நேரத்தில் இல்லை. காலை ஷிப்ட் எட்டிலிருந்து இரண்டு, மாலை ஷிப்ட் இரண்டிலிருந்து எட்டு, நைட் எட்டிலிருந்து எட்டு. சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். காலையிலும் மாலையிலும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி எட்டேகாலுக்கு ரிப்போர்ட் கொடுத்து, கை கழுவி, ஸ்டாண்டுக்கு வந்து நிற்கும்போது என்ன ஓடுகிறது என்று ஒருநாள் நின்று பார். ஆஸ்பத்திரி வேன் இருந்தால் உன் தெருமுனை வரை வருமா, மெயின் ரோட்டோடு சரியா என்று டிரைவரிடமே கேள். எச்.ஆர். சொல்வது வேறு, டிரைவர் சொல்வது வேறு.

நைட் முடிந்து வரும் பஸ்ஸில் உட்காராதே, நின்றுகொண்டே வா. நான் உட்கார்ந்தேன், தூங்கினேன், பாகாலாவில் கண்டக்டர் எழுப்பினார். கையில் திரும்பிவரக் காசு இல்லை. யூனிபார்மைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய் ஊசி போடு தல்லி" என்று எதிர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இப்போது பெண்களுக்குப் பஸ் டிக்கெட் கவலை பெரிதாக இல்லை. 2025 ஆகஸ்ட் 15லிருந்து ஆந்திர அரசு பஸ்களில், பல்லெவெலுகு முதல் எக்ஸ்பிரஸ் வரை, பெண்களுக்கு இலவசம். ஆனால் அது இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. வந்த முதல் மாதமே வாடகை ஒப்பந்தத்தை வைத்து ஆதார் முகவரியை மாற்றிவிடு. தமிழ்நாட்டு முகவரியைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத்தான் கொடுப்பார்.

3. பகலில் தூங்கக்கூடிய வீடா என்று பார்.

1639ல் சென்னைப் பட்டணத்து மண்ணைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்ட ராஜ்யம் இந்தச் சந்திரகிரியிலிருந்து ஆண்டதுதான். அன்றைக்கு மனை கொடுத்த ஊருக்கு, சென்னை வாடகை கட்டி மாளாத பிள்ளைகள் இன்றைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இங்கேயும் வாடகை முன்போல இல்லை. ரங்கம்பேட்டைப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் குவிந்ததிலிருந்து ஒற்றை அறைக்கும் கிராக்கி. ஆனாலும் திருப்பதிக்குள் கேட்பதை இங்கே யாரும் கேட்பதில்லை. பெரிய ஹால், மாடுலர் கிச்சன் எதுவும் உனக்கு வேண்டாம். மேலே சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறை வேண்டவே வேண்டாம். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு பார்க்கப் போ. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வை. வைத்த கையை எடுக்கத் தோன்றினால் அந்த வீடு வேண்டாம். எதிரே கல்யாண மண்டபம் இருந்தாலும் வேண்டாம். மூன்று நாள் தூக்கம் போனால் நான்காம் நாள் ஊசி மருந்தை இரண்டு தரம் படித்தாலும் கண் ஏமாற்றும். இது வசதி பற்றிய பேச்சு இல்லை, பாப்பா.

தண்ணீர் கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்பாய். மழையில் எவ்வளவு வருகிறது என்றும் கேள். 2021 நவம்பரில் ஸ்வர்ணமுகி, நம் பெரியவர்கள் சொல்லும் பொன்முகலி, பெருகித் திருச்சானூர்ப் பக்கம் கரையோர வீடுகள் சரிந்தன. ராயலசெருவு உடையப்போகிறது என்று சுற்றுவட்டாரக் கிராமங்களைக் காலி செய்தார்கள். திருப்பதிக்குள் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. சுவரில் தண்ணீர்க் கோடு எங்கே என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் விரலால் காட்டுவாள். ஓனரம்மா காட்டமாட்டாள், அங்கே புதுப் பெயிண்ட் அடித்திருப்பாள்.

4. கவுன்சில் பதிவை ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. தமிழ்நாட்டு கவுன்சிலில் நீ பதிந்திருப்பது தமிழ்நாட்டுக்கு. இங்கே வேலை செய்ய ஆந்திர நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே காகிதம் போய்வரும் காலத்தில் உன்னை "டிரெயினி" என்று எழுதிப் பாதிச் சம்பளம் கொடுப்பார்கள். வேலை தேடும்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிடு.

5. ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதே.

காட்டு, சரிபார்க்கட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். நான் சேர்ந்த முதல் நர்சிங் ஹோமில் "பத்திரமாக இருக்கும்" என்று வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்பது மாதம் கழித்து நல்ல இடத்தில் இன்டர்வியூ வந்தது. சான்றிதழைக் கேட்டேன். இன்று வா, நாளை வா என்றார்கள், இன்டர்வியூ தேதியே போய்விட்டது. கடைசியில் அப்பா ஊரிலிருந்து வந்து ஒரு முழு நாள் அந்த வாசற்படியில் உட்கார்ந்து வாங்கிக்கொடுத்தார். எங்கள் அப்பா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. உன் அப்பாவை அப்படி உட்கார வைக்காதே.

6. சம்பளத்தில் பார்க்க வேண்டியது இரண்டு.

கையில் வருவது ஒன்று. அடுத்தது பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நர்சுக்கு வைத்தியம் ஓசியில் கிடைக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று இடுப்பு பிடித்துக்கொண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு 20,000க்குக் குறையக்கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாக என்றது. எத்தனை சின்ன ஆஸ்பத்திரிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டன என்பதை நீயே விசாரித்துப் பார். பேரம் பேசும்போது அந்த எண் உன் மனதில் இருக்கட்டும், அவ்வளவுதான். வளைகுடாவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள், எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி என்றும் கேட்பார்கள். ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

7. தெலுங்கு தெரியும் என்று நினைக்காதே. முக்கியமாக, பாதி தெரிந்திருந்தால்.

சித்தூர் ஜில்லா 1911லிருந்து சென்னை மாகாணத்தில் இருந்தது, 1953ல் ஆந்திரத்துக்குப் போயிற்று, 1960ல் திருத்தணிப் பகுதி நம் பக்கம் வந்தது. கோடு மாறினாலும் வாய் மாறவில்லை. இங்கே கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அதுதான் ஆபத்து. இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொல் வார்டில் ஆளைக் கொல்லும்.

வந்த இரண்டாம் வருஷம், நைட் டூட்டி. ஒரு பெரியவர், எழுபது இருக்கும். "ஆயாசங்கா உந்தம்மா" என்றார். நமக்கு ஆயாசம் என்றால் களைப்பு. "படுங்க தாத்தா, தூங்கினால் சரியாகிவிடும்" என்று தலையணையைக்கூட எடுத்துவிட்டுச் சமமாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு வந்தேன். பெருமையாக வேறு இருந்தது. கால்மணி நேரத்தில் சீனியர் சிஸ்டர் ரவுண்டு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜனைத் திறந்து, டாக்டருக்கு ஆள் அனுப்பினார். உதடு நீலமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு. பெரியவர் பிழைத்தார். விடிந்தபின் சீனியர் ஒரு துண்டுச்சீட்டில் பத்து வார்த்தை எழுதி என் பாக்கெட்டில் வைத்தார்.

அந்தச் சீட்டு இப்போது இல்லை, வார்த்தைகள் இருக்கின்றன. கடுபு என்றால் வயிறு. "கடுபு நொப்பி" என்றால் வயிற்றுவலி, நம் கடுப்பு இல்லை. "கடுபுதோ உந்தி" என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள். எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் இந்த ஒன்று புரிந்தாக வேண்டும். கள்ளு என்றால் கண்கள். "கள்ளு திருகுத்துன்னாயி" என்று ஒருவர் சொன்னால் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முகம் சுளிக்காதே, தலை சுற்றுகிறது என்கிறார். மந்து என்றால் மருந்து, சாராயமும் மந்துதான். "மந்து தாகுதாரா" என்று நீ எதைக் கேட்கிறாய் என்பதை முகத்தில் காட்டு. நீரசம் என்றால்தான் நம் பலவீனம், களைப்பு.

எழுத்தும் கற்றுக்கொள். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வாங்காதே. பஸ் போர்டைப் படித்துப் படித்தே ஒரு மாதத்தில் வந்துவிடும்.

உன் தமிழும் வீண்போகாது. மலைக்கு வருகிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! படியேறி மார்வலி வந்து, சொந்தக்காரர்கள் எங்கே என்றே தெரியாமல் கேஷுவாலிட்டியில் கிடக்கும் கிழவிக்கு, "எந்த ஊரு பாட்டி?" என்று ஒரு குரல் கேட்டாலே பாதி பயம் இறங்கிவிடும்.

8. இந்த ஊரின் காலண்டர் வேறு.

பிரம்மோற்சவத்துக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் உனக்கு லீவு கிடையாது. ஊரில் அண்ணன் கல்யாணத்தைப் புரட்டாசியில் யாரும் வைக்கமாட்டார்கள், அது ஒரு சௌகரியம். மார்கழி, தையில் நடக்கும் விசேஷத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொடு. 2025 ஜனவரி 8 ராத்திரி வைகுண்ட துவார தரிசன டோக்கன் வாங்கும் நெரிசலில் ஆறு பேர் செத்தார்கள். அடிபட்டவர்கள் ரூயாவுக்கும் ஸ்விம்ஸுக்கும் வந்தார்கள். அந்த மாதிரி ராத்திரியில் ஷிப்ட் முடிந்தது என்று யாரும் பையை எடுப்பதில்லை. சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

9. அரசு வேலைக்காக மட்டும் வருவதாக இருந்தால் வராதே. 371டி என்று அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவு. அதன்படி இடங்களில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்களுக்கு, உள்ளூர் யார் என்பது எங்கே பள்ளிக்கூடம் படித்தாய் என்பதை வைத்து. நீ படித்தது தமிழ்நாட்டில். தேவஸ்தானத்தின் நிரந்தர வேலைகளுக்கு இந்துவாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நம் பக்கம் நர்சிங் படிக்கிறவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் நிறைய. அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

10. வீடு பார்க்க வருகிற அன்று நேரே என்னிடம் வந்துவிடாதே. முதலில் நைட் முடித்து வரும் யாராவது ஒரு சிஸ்டரை பஸ் ஸ்டாண்டில் பிடித்து, ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேள். நான் வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது, நான் சொல்வதில் பாதி பழசாகியிருக்கும். அப்புறம் இங்கே வா. பதினொரு மணிக்குள் வா. அதற்குப் பிறகு கதவைத் தட்டினாலும் எனக்குக் கேட்காது, பகல் தூக்கம் இன்னும் விடவில்லை.